துப்பட்டா கட்டியதால் பிபி ஏறுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 46 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். அண்ணனின் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து 9 கிலோமீட்டர், ஸ்கூட்டியில் போய் வருவேன். போன வருஷம் சித்திரையில் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. தோல் டாக்டர் சன்ஸ்கிரீன் எழுதிக்கொடுத்து, வெயிலில் முகம் காட்டாதீர்கள் என்றார். அன்றிலிருந்து துப்பட்டாவை முகத்தில் சுற்றிக் கட்டி, கைக்கு முழு உறை மாட்டித்தான் வண்டி எடுக்கிறேன். மங்குக்கு ஒரு மாத்திரையும் இரண்டு வேளை போடுகிறேன், பெயர் தெரியவில்லை.

இந்த வருஷம் தை மாதம் ஊரில் நடந்த முகாமில் பார்த்தபோது பிபி 152/96. பிறகு இரண்டு தடவை பார்த்தும் குறையவில்லை. தினம் காலையில் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பினார். வெயில் பட்டால் பிபி குறையுமாம், சன்ஸ்கிரீன் போட்டு மூடிக்கொள்கிறவர்களுக்குத்தான் பிபி ஏறுகிறதாம். மாமியார் அதற்கு மேல். "எனக்கும்தான் பிபி இருக்குது. 70 வயசுல தினம் மாடியில மாங்கா வத்தல் காய வைக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?" என்கிறார்.

சரி, பார்த்துவிடுவோம் என்று சன்ஸ்கிரீனை விட்டுவிட்டுப் பத்து நாள் பகல் 12 மணிக்கு மொட்டை மாடியில் அரை மணி நேரம் நின்றேன். இறங்கி வந்து வீட்டு மெஷினில் பார்த்தால் 128/82, 124/80 என்று காட்டியது. எனக்கே ஆச்சரியம். ஆனால் பதினோராவது நாள் படி இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்துவிட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டு வெயிலை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? சன்ஸ்கிரீனை அடியோடு விட்டுவிடலாமா? சூட்டுக்கு உப்பு மோர் நாளைக்கு நாலு டம்ளர் குடிக்கிறேன். வேறு நோய் எதுவும் இல்லை. மாதவிலக்கு ஒழுங்காக வரவும் அதிக ரத்தப்போக்கு குறையவும் மட்டும் இரண்டு வருஷமாக 21 மாத்திரை அட்டை போடுகிறேன். முதல் மூன்று மாதம் டாக்டர் எழுதிக்கொடுத்தது. நன்றாக இருந்ததால் காலி அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: அம்மா, உங்கள் கடிதம் முழுக்க வெயிலைப் பற்றி. எனக்குக் கவலை தந்ததோ கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த 21 மாத்திரை அட்டை. அதற்காக இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அட்டை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் இதுதான்: பிபி மாத்திரையை நிறுத்தாதீர்கள். மொட்டை மாடி வேண்டாம். துப்பட்டா கட்டியதாலோ சன்ஸ்கிரீன் தடவியதாலோ உங்களுக்கு பிபி வரவில்லை.

வீடியோக்காரர் இதை எங்கே பிடித்தார் என்று எனக்குத் தெரியும். ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ரிச்சர்ட் வெல்லரும் அவருடன் இருந்தவர்களும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 24 பேரை 20 நிமிடம் விளக்கடியில் வைத்தார்கள். ஒரு முறை புற ஊதாக் கதிர் தோலில் படும்படி, இன்னொரு முறை அந்தக் கதிரைத் தடுத்துவிட்டு விளக்கின் சூடு மட்டும் படும்படி. கதிர் பட்டபோது ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. சூடு மட்டும் பட்டபோது அப்படி இறங்கவில்லை. விட்டமின் டி அளவிலும் மாற்றமில்லை, ஆகவே அதனால் வந்த இறக்கமும் இல்லை.

காரணம் நம் தோலிலேயே இருக்கிறது. கீரை, பீட்ரூட் வழியாக உடம்புக்குள் போகும் நைட்ரேட் என்ற பொருளின் ஒரு பங்கு தோலில் சேர்ந்து கிடக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டதும் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உண்டாகி ரத்தத்தில் கலக்கிறது. அது ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாக்குக்கு அடியில் போட்டுக்கொள்வார்களே ஒரு மாத்திரை, அதுவும் இதே வாயு வழியாகத்தான் வேலை செய்கிறது. இந்த வாயு உடம்பில் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். வெயிலுக்கும் பிபிக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எவ்வளவு, எவ்வளவு நேரம், யாருக்கு? அந்த விளக்கடியில் கிடைத்த இறக்கம் சில புள்ளிகள்தான், அதுவும் ஒரு மணி நேரம் வாக்கில். 2020இல் அமெரிக்காவில் 3,40,000க்கும் அதிகமான டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். புற ஊதாக் கதிர் அதிகம் இருந்த இடத்திலும் காலத்திலும் அவர்களின் அழுத்தம் சற்றுக் குறைவாக இருந்தது, வெப்பநிலையின் பங்கைக் கழித்த பிறகும்கூட. அதிலேயே இன்னொன்றும் தெரிந்தது: வெள்ளைத் தோல்காரர்களிடம் இந்த இறக்கம் அதிகம், கறுப்பினத்தவரிடம் குறைவு. நம் தோலில் உள்ள மெலனின் என்கிற நிறமி பிறவியிலேயே விரித்துவைத்த குடை. வருஷத்தில் பாதி நாள் சூரியனையே பார்க்காத எடின்பரோக்காரருக்குச் சொன்ன கணக்கைக் காவேரிப்பட்டணத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

வெயில் பட்டால் கொஞ்ச நேரம் குறைகிறது என்பது ஒரு செய்தி. வெயிலை மறைத்தால் பிபி நோய் வருகிறது என்பது வேறு செய்தி. முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதை விற்கிறார்கள். சன்ஸ்கிரீன் போட்டதால் ஒருவருக்கு பிபி வந்தது என்று நிரூபணம் ஆனதில்லை. தவிர, நீங்கள் க்ரீம் தடவும் முகம் உடம்பின் மொத்தத் தோலில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குள்தான் வரும். அதை மூடியதற்காக 152க்கு ஏறுகிற அளவுக்கு உடம்பு ரோஷக்காரன் இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி பறிக்கிற பெண்கள் எந்த சன்ஸ்கிரீனைக் கண்டார்கள்? தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். வெயிலே மருந்து என்றால் அவர்களில் ஒருவருக்கும் பிபி வரக் கூடாது. தர்மபுரியில் என் கிளினிக்குக்கு வாரம் தவறாமல் வருகிறார்கள். சிலர் மேல் எண் 180ஐத் தாண்டிய பிறகுதான் வருகிறார்கள், அதுவும் தலைசுற்றலுக்கு.

அப்படியானால் உங்கள் மெஷின் காட்டிய 128 பொய்யா? பொய்யில்லை. அந்த நிமிடத்துக்கு அது உண்மைதான். பகல் 12 மணிக்கு மாடியில் அசையாமல் நிற்கிறீர்கள். உடம்பு சூட்டை வெளியேற்ற வேண்டும். தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் எல்லாம் விரிந்துகொடுக்கின்றன. வியர்வையாகத் தண்ணீர் போகிறது. நின்றபடியே இருப்பதால் ரத்தம் காலில் தேங்குகிறது. காலையில் போட்ட மாத்திரையும் வேலை செய்துகொண்டிருக்கிறது. இத்தனையும் சேர்ந்த நேரத்தில் படியிறங்கி வந்து கையை நீட்டினால் யாருக்கும் குறைவாகத்தான் காட்டும். காய்ந்த தார் ரோட்டில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு நேரம் ஈரம் நிற்கும்? அவ்வளவு நேரம்தான் அந்த 128க்கு ஆயுசு. மறுநாள் காலை மாத்திரை போடும் முன் என்ன காட்டியது என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

பதினோராவது நாள் கண் இருட்டியதும் இதே கதையின் தொடர்ச்சிதான். அன்று அழுத்தம் தேவைக்கும் கீழே போய்விட்டது. தொட்டி இருந்ததால் சாய்ந்தீர்கள். தொட்டி இல்லாமல் படி மட்டும் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை இடுப்பெலும்புக் கட்டோடு எழுதியிருப்பீர்கள்.

உங்கள் பிபி மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அல்லது உள்ளே இருக்கும் மருந்துகளில் 'ஹைட்ரோகுளோரோதையசைடு' என்று இருக்கிறதா? நம் பக்கம் நிறையப் பேர் போடும் கூட்டு மாத்திரை அது. நல்ல மருந்து, நானும் எழுதுகிறேன். சிறுநீர் வழியாக உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும். அதனாலேயே கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது சிலருக்குக் கூடுதலாக இறக்கிவிடும். அதைவிட உங்களுக்கு முக்கியமான சேதி, இந்த மருந்து சிலருக்குத் தோலை வெயில் தாங்காததாக ஆக்கிவிடும். சாதாரண வெயிலுக்கே தோல் சிவந்து எரியும், கறுக்கும். உங்களுடையது அதுவானால், மங்கு உள்ள முகத்தோடு, இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சன்ஸ்கிரீனை விட்டுவிட்டு உச்சி வெயிலில் நின்றிருக்கிறீர்கள். கன்னத்தில் கறுப்பு ஏறியிருக்கிறதா என்று இந்தப் பத்து நாளுக்கு முன்பு எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதைப் பல வருஷம் போடுகிறவர்களுக்கு ஒருவகைத் தோல் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை சேர்த்தது உண்மைதான். அது வருஷத்துக்கு 16,000 பேரில் ஒருவர் என்ற கணக்கு. அதிலும் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள். நம் நிறத்துக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. கட்டுப்படாத பிபியால் வரும் பக்கவாதத்தின் பயம் அப்படிக் குறைவானதில்லை. உங்களுக்கு மங்கு இருப்பதை பிபி பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். வழிகள் நிறைய உண்டு.

இனி அந்த 21 மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருந்த மூன்று காலங்களை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு மாதவிலக்கு மாத்திரை. போன வருஷம் சித்திரையில் மங்கு. இந்த வருஷம் தையில் பிபி. நீங்கள் மங்குக்குப் பிறகு வந்ததால் துப்பட்டாமேல் சந்தேகப்படுகிறீர்கள். எனக்கு அதற்கும் முன்னால் வந்ததன்மேல் சந்தேகம்.

மாதம் 21 நாள் போட்டு 7 நாள் இடைவெளி விடும் அட்டைகளில் பெரும்பாலானவை கருத்தடை மாத்திரை வகைதான். அதிக ரத்தப்போக்குக்கும் அதையே எழுதுவார்கள், தவறில்லை. அட்டையில் 'எத்தினைல் எஸ்ட்ராடியால்' என்று இருந்தால் அது எஸ்ட்ரோஜன் ஹார்மோன். அது தோலில் நிறமியைத் தூண்டும். கூட வெயிலும் சேர்ந்தால் கன்னத்தில் மங்கு விழும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மங்கு விழுவதும் உடம்பில் ஹார்மோன் கூடுவதால்தான். அதே எஸ்ட்ரோஜன் கல்லீரலில் ஒரு புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும். அதிலிருந்து உண்டாகும் பொருள் ரத்தக் குழாயை இறுக்கும், உப்பைப் பிடித்துவைக்கும். சிலருக்கு அழுத்தம் ஏறும். ஒரே மாத்திரை கன்னத்திலும் கைவைக்கும், பிபி மெஷினிலும் கைவைக்கும். இடையில் உங்கள் சன்ஸ்கிரீன் சும்மா மாட்டிக்கொண்டது.

46 வயதில், பிபி 140/90ஐத் தாண்டிய நிலையில், எஸ்ட்ரோஜன் கலந்த அட்டையைத் தொடர்வது நல்லதில்லை. பக்கவாதம், காலில் ரத்தம் உறைவது போன்றவற்றுக்கு வழி திறந்துவிடும். அதோடு மங்குக்கு இரண்டு வேளை போடுவதாகச் சொன்னீர்களே, அதன் அட்டையையும் பாருங்கள். 'ட்ரானெக்சாமிக் ஆசிட்' என்று இருந்தால், அது உறைந்த ரத்தம் கரையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து. மங்குக்குத் தோல் டாக்டர்கள் எழுதுவதுண்டு, பலருக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் எஸ்ட்ரோஜன் அட்டையோடு சேர்த்து அதைப் போடக் கூடாது. தோல் டாக்டர் எழுதும்போது நீங்கள் மற்ற மாத்திரையைப் பற்றிச் சொன்னீர்களா? "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று நாங்கள் கேட்கும்போது மாதவிலக்கு மாத்திரையை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கே இந்த அனுபவம் உண்டு. ஒருவருக்கு நாலு மாதம் பிபி மருந்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு நாள் அவர் பர்ஸைத் திறந்தபோது உள்ளேயிருந்து மூட்டுவலி மாத்திரை அட்டை கீழே விழுந்தது. தினம் இரண்டு, மெடிக்கலில் கேட்டு வாங்கியது. அந்த வகை வலி மாத்திரையும் பிபியை ஏற்றும். நான் சரியாகக் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

ஆகவே மூன்று அட்டைகளையும், காலி அட்டையாக இருந்தாலும், ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். ரத்தப்போக்குக்கு எஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் இருக்கின்றன. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் அதில் ஒன்று. 46 வயதில் ரத்தப்போக்கு ஏன் என்று ஒரு ஸ்கேனும் பார்க்க வேண்டியிருக்கும், இரண்டு வருஷமாகப் பார்க்காமல் இருந்திருக்கிறீர்கள். அதற்கு முன்பே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சுவலி, மூச்சு முட்டல், திடீரென்று பொறுக்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் எது வந்தாலோ அந்த 21 மாத்திரை அட்டையைத் தொடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்த அட்டையை நிறுத்தினால் பிபி முழுக்கச் சரியாகிவிடுமா? பலருக்குச் சில மாதங்களில் இறங்குகிறது. இறங்காமலும் போகலாம். இந்த வயது பிபி தானாகவே எட்டிப் பார்க்கும் வயது, குடும்பத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால்தான் அதுவரை பிபி மாத்திரையை விட வேண்டாம் என்கிறேன்.

அப்புறம் அந்த உப்பு மோர். ஒரு டம்ளருக்குக் கால் டீஸ்பூன் உப்பு போடுவீர்களா? நாலு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன். கிட்டத்தட்ட 5, 6 கிராம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சோறு, குழம்பு, களிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மண்டியில் யாராவது அறுத்து நீட்டும் பெங்களூரா மாங்காய்த் துண்டின்மேல் தூவிய உப்பும் மிளகாய்த்தூளும், இதெல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. லாரியில் கூடை ஏற்றுகிற ஆட்களுக்கு நாள் முழுக்க வியர்வை கொட்டுகிறது, அவர்கள் உப்பு மோர் குடிக்கட்டும். மேஜையில் ஃபேனுக்கு அடியில் கணக்கு எழுதுகிறவருக்கு அவ்வளவு உப்பு வெளியே போவதில்லை. மோர் குடியுங்கள், உப்பை விட்டுவிட்டு கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்டு. துப்பட்டாவை அவிழ்த்துக் குறைக்க நினைத்ததை உப்பு டப்பாவை மூடிக் குறைக்கலாம்.

சன்ஸ்கிரீனை மறுபடி ஆரம்பியுங்கள். ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துவிட்டு 'கேட்கவே இல்லை' என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். மங்குக்குப் புற ஊதாக் கதிர் மட்டும் எதிரி இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுக்கவைக்கும். அதைச் சாதாரண க்ரீம் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் தடுக்கும், தோல் டாக்டரிடம் கேளுங்கள். துப்பட்டாவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே வருகிறது என்று அர்த்தம். நெருக்க நெசவுள்ள பருத்தித் துணி நல்லது.

வெயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலையில் நடக்கப் போங்கள். நடையே பிபியைக் குறைக்கும். நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க வேண்டியதில்லை, காலடியில் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் தாராளமாக நடக்கலாம். நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் குடையை விரித்துவிடுங்கள். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12:15, 12:20 வாக்கில். ஏப்ரல் நான்காவது வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் அந்த நேரத்தில் நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. நீங்கள் மாடியில் நிற்கத் தேர்ந்தெடுத்த அரை மணி, நாளிலேயே மோசமான அரை மணி. விட்டமின் டி குறைவு என்று யாராவது பயமுறுத்தினால் ரத்தப் பரிசோதனை செய்து, குறைந்திருந்தால் டாக்டர் சொல்கிறபடி மாத்திரை போட்டுக்கொள்ளலாம். அது எலும்புக்கு. பிபியை அது குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனி ஒரு வாரம் பிபியைச் சரியாக எழுதி வையுங்கள். காலையில் பல் தேய்த்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், சாய்மானம் உள்ள நாற்காலியில் பேசாமல் 5 நிமிடம் உட்காருங்கள். கால் மேல் கால் போடாதீர்கள். கையை மேஜைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வைத்துப் பட்டையைக் கட்டுங்கள், ரவிக்கைக் கைமேல் கட்டக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. ராத்திரி மறுபடியும். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள், கணக்கு எழுதுகிறவருக்கு இது என்ன பெரிய வேலை. வீட்டில் எடுக்கும் சராசரி 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். முகாமில் வரிசையில் நின்று, பேசிக்கொண்டே காட்டிய கையில் 152 சற்றுக் கூடுதலாகவே வந்திருக்கலாம். மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வீடு தேடி வரும் பெண்ணிடம் உங்கள் மெஷினை அவருடைய மெஷினோடு ஒரு முறை ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றும் பார்க்க வேண்டும். கண் இருட்டியதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கோடையில் பிபி இயல்பாகவே கொஞ்சம் இறங்கியிருக்கும், குளிரில் ஏறும். வைகாசியில் '120 ஆகிடுச்சு டாக்டர்' என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்தியவர்கள் மார்கழிப் பனியில் 170ஓடு வருவதை வருஷாவருஷம் பார்க்கிறேன்.

உங்கள் மாமியார் விஷயம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொல்கிறார். யாராவது பார்த்தீர்களா? மாங்காயை உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, ருசி பார்க்க நாலு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, 70 வயதில் குனிந்து நிமிர்ந்து துணியில் பரப்புகிறார். அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு தடவை பிபி பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். நின்றதும் மேல் எண் 20 புள்ளி இறங்கினால் அவரையும் உங்களோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வற்றலைக் காலை 9 மணிக்குள் பரப்பிவிட்டுச் சாயங்காலம் 4 மணிக்கு மேல் அள்ளலாம். நடுவில் காக்கா விரட்டும் வேலையை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.